ஒட்டுகிற மண்: வெள்ளணு ஒட்டுதல் சோதனையைக் கெடுக்காமல் செய்வது எப்படி

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் போன மாதம் ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 96 குழிகளும் பச்சையாக ஒளிர்ந்தன. "எல்லாமே நன்றாக ஒட்டியிருக்கின்றன, அக்கா" என்றாள். முகம் கொள்ளாத சிரிப்பு. தூண்டும் பொருள் போட்ட குழியில் செல்கள் ஒட்டியிருந்தன, போடாத குழியிலும் ஒட்டியிருந்தன. தட்டை ஓரமாக வைத்துவிட்டு அவளைத் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனேன். அங்கே சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுவை ஒட்டவைப்பது பெரிய வித்தை அல்ல. முரட்டுத்தனமாகக் கையாண்டால் கண்ணாடியில் ஒட்டும், பிளாஸ்டிக்கில் ஒட்டும், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். சொல்லும்வரை ஒட்டாமல் வைத்திருப்பதுதான் வேலை. பன்னிரண்டு வருடமாக இந்தச் சோதனையைச் செய்கிறேன். என் கவனத்தில் முக்கால்வாசி, செல்களைத் தூங்கவைப்பதிலேயே போகிறது.

முதலில், உடம்பில் நடப்பது என்ன

1867இல் ஜூலியஸ் கோன்ஹைம் தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்து வைத்துப் பார்த்தார். வெள்ளணுக்கள் ரத்தக் குழாயின் ஓரத்துக்கு ஒதுங்கின, சுவரில் ஒட்டின, பிறகு சுவரை ஊடுருவி வெளியே போயின. ஏன் அங்கே மட்டும், ஏன் அப்போது மட்டும் ஒட்டின என்ற கேள்விக்கு ஓரளவு முழுமையான விடை கிடைக்க 1991 ஆயிற்று. டிமதி ஸ்பிரிங்கரின் குழுவும் யூஜின் புட்சரும் அந்த ஆண்டில் எழுதியவற்றிலிருந்துதான் இன்று நாம் பாடத்தில் படிக்கும் படிநிலைகள் உருவாயின.

"உருண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும்" என்று நம் ஊரில் சொல்வார்கள். வெள்ளணுவும் முதலில் உருளத்தான் செய்கிறது. வீக்கம் கண்ட இடத்தில் குழாயின் உட்சுவர்ச் செல்கள் செலக்டின் என்ற புரதத்தை வெளியே நீட்டுகின்றன. அது வெள்ளணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ரத்த ஓட்டம் தள்ளிக்கொண்டே இருப்பதால் செல் உருண்டுகொண்டு போகிறது. இந்தப் பிடி மட்டும் இருந்தால் அது உருண்டுகொண்டே போய்விடும்.

நிறுத்துவது இன்டெக்ரின். நியூட்ரோஃபில் மேல் எல்எஃப்ஏ-1, மேக்-1 என்று இரண்டு முக்கிய இன்டெக்ரின்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு பாதி பொது. அதன் பெயர் சிடி18. சாதாரண நேரத்தில் இவை மடக்குக் கத்தியைப் போல மடங்கிக் கிடக்கும், எதையும் உறுதியாகப் பிடிக்காது. திசுவில் தொற்று இருந்தால் இன்டர்லூக்கின்-8 போன்ற கீமோகைன்கள், அதாவது வெள்ளணுக்களை அழைக்கும் சிறு புரதங்கள், உருவாகி, உட்சுவரின் மேலுள்ள ஹெப்பரான் சல்பேட் சங்கிலிகளில் வந்து தங்கும். உருண்டு வரும் செல்லின் ஏற்பி அந்தக் கீமோகைனைத் தொட்டதும், உள்ளே ஜிஐ என்ற புரதம் செய்தியை வாங்குகிறது. கால்சியம் ஏறுகிறது, ராப்1 என்ற சிறு புரதம் விழிக்கிறது. டாலினும் கிண்ட்லின்-3உம் ஓடிவந்து இன்டெக்ரினின் உள்வால் நுனியைப் பிடிக்கின்றன. உள்ளே வாலைப் பிடித்தால் வெளியே கத்தி விரிகிறது. சுவரிலுள்ள ஐகாம்-1 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு செல் நின்றுவிடுகிறது. தொட்டதிலிருந்து நிற்பது வரை ஒரு நொடிகூட ஆவதில்லை.

இந்தச் சங்கிலியில் ஜிஐ புரதம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கக்குவான் இருமல் சாட்சி. அந்த நோய்க்கிருமியின் நச்சு ஜிஐ புரதத்தை முடக்கிவிடுகிறது. நோய்வாய்ப்பட்ட குழந்தையின் ரத்தத்தில் லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணுவின் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். அந்தச் செல்கள் நிணநீர் முடிச்சுகளுக்குள் நுழைய வேண்டியவை. "நில்" என்ற கட்டளை கேட்காததால் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் சொன்னது ஒரு காரணத்துக்காகத்தான். உங்கள் தட்டின் ஒவ்வொரு குழியும் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியைச் சோதிக்கிறது. எந்தக் கண்ணி என்று தெரியாமல் பொருளை ஊற்றினால், எண் வரும், அர்த்தம் வராது.

ரத்தம்

நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும், கொடுப்பவரின் எழுத்துபூர்வமான ஒப்புதலும் இல்லாமல் ஊசியைத் தொடாதீர்கள். பிறகு அவரிடம் பேசுங்கள். காய்ச்சல் இருந்ததா? சமீபத்தில் தடுப்பூசி போட்டாரா? ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா? பல் வலி உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள். எங்களுக்கு வழக்கமாக ரத்தம் கொடுக்கும் ஒருவருடைய செல்கள் ஒரு வாரம் முழுக்கத் தூண்டாமலே ஒட்டின. பஃபரை, அதாவது செல்களை மிதக்கவிடும் கரைசலை, மாற்றினேன், தட்டை மாற்றினேன், இன்குபேட்டரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோதுதான் புரிந்தது, கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் வைத்திருந்தது. அவருடைய நியூட்ரோஃபில்கள் ஏற்கெனவே பாதி விழித்த நிலையில்தான் என்னிடம் வந்திருக்கின்றன.

10 மி.லி. ரத்தம் போதும். ஒரு கோடியிலிருந்து இரண்டு கோடி செல் வரை கிடைக்கும். குழிக்கு ஒரு லட்சம் வைத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக இருக்கும். நியூட்ரோஃபில் நீண்ட நாள் வாழும் செல் அல்ல. காலையில் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் தட்டில் இருக்க வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ குழாயா, ஹெப்பாரின் குழாயா என்று கேட்பார்கள். நான் ஈடிடிஏ பக்கம். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கவ்விக்கொள்வதால் செல்கள் அடக்கமாக இருக்கும். இன்டெக்ரினுக்கு அந்த உலோக அயனிகள் இல்லாமல் பிடி கிடையாது. ஆனால் அதே காரணத்தால், கடைசிவரை கழுவிப் போக்காவிட்டால் எதுவும் ஒட்டாது. ஆரம்ப நாட்களில் இரண்டு வாரம் பூஜ்யம் பூஜ்யமாகப் பார்த்துக்கொண்டு, வாங்கிய ஐகாம்-1 கெட்டுப்போனது என்று உறுதியாக நம்பினேன். கெட்டது ஐகாம் இல்லை, நான் ஒரு கழுவலை மிச்சம் பிடித்திருந்தேன்.

பிரிப்பது பழைய முறைதான். ரத்தத்துடன் சம அளவு 3 சதவீத டெக்ஸ்ட்ரான் கலந்து, குழாயை நிமிர்த்தி 20 முதல் 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். சிவப்பணுக்கள் கீழே இறங்க, மேலே வெளிர் மஞ்சளாக நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் என்ற கனமான கரைசலின் மேல் மெதுவாகப் படரவிட்டு, 400 மடங்கு புவியீர்ப்பு விசையில் 30 நிமிடம் சுற்றுங்கள். சென்ட்ரிபியூஜின் பிரேக்கை அணைத்துவிடுங்கள். இடையில் வளையமாக நிற்பவை லிம்போசைட்டும் மோனோசைட்டும். நமக்கு வேண்டியது அடியில் சிவப்பணுவோடு கிடக்கிறது. மீதிச் சிவப்பணுக்களை உடைக்க 0.2 சதவீத உப்பு நீர் ஊற்றி 30 நொடி, உடனே அதே அளவு 1.6 சதவீத உப்பு நீர். இரண்டும் சேர்ந்தால் 0.9 ஆகிவிடும். அந்த 30 நொடியில் போனை எடுக்காதீர்கள். ஒரு நிமிடம் தாண்டினால் நியூட்ரோஃபிலும் நோகும்.

எல்லாம் பாலிபுரொப்பிலீன் குழாயில் நடக்கட்டும். கண்ணாடி வேண்டாம். செல்லை பிப்பெட்டால் உறிஞ்சி உறிஞ்சித் துப்பாதீர்கள். குழாயின் அடியை விரலால் மெதுவாகத் தட்டிக் கலையுங்கள். கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பஃபரில் வைத்திருங்கள். தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. பாக்டீரியாவின் உறைநச்சு மிகச் சிறிய அளவில் இருந்தாலே இந்தச் செல்கள் விழித்துவிடும். ஆய்வகத்து வடிநீர்க் குழாயை நம்பாமல், நரம்பில் ஏற்றும் உப்பு நீர் பாட்டிலை மருந்துக்கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

தட்டு

முந்தின நாள் மாலையே குழிகளில் ஐகாம்-1 பூசிவிடுங்கள். மி.லி.க்கு 5 முதல் 10 மைக்ரோகிராம், குழிக்கு 50 மைக்ரோலிட்டர், 4 டிகிரியில் இரவு முழுவதும். பணம் இல்லையென்றால் ஃபைப்ரினோஜென். அது மேக்-1இன் பிடிமானம். லிம்போசைட்டில் விஎல்ஏ-4 என்ற இன்டெக்ரினைப் பார்க்க நினைப்பவர்கள் ஃபைப்ரோனெக்டினோ விகாம்-1ஓ பூசலாம். காலையில் கொட்டிவிட்டு, 1 சதவீத ஆல்புமினால் ஒரு மணி நேரம் காலி இடங்களை மூடுங்கள்.

சில குழிகளில் வெறும் ஆல்புமின் மட்டும் இருக்க வேண்டும். அங்கே ஒட்டுவது பின்னணி. இதில் ஒரு பொறி இருக்கிறது. மேக்-1 விரிந்துவிட்டால் அதற்கு யாரும் பகையில்லை. ஐகாமைப் பிடிக்கும், ஃபைப்ரினோஜெனைப் பிடிக்கும், உருக்குலைந்த ஆல்புமினையும் பிடிக்கும். பிஎம்ஏ என்ற தூண்டும் ரசாயனம் போட்ட செல்கள் ஆல்புமின் குழியிலும் ஒட்டினால் தட்டு கெட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தூண்டாத செல் அங்கே ஒட்டுகிறதா என்று பாருங்கள். அது ஒட்டினால்தான் கவலை.

தட்டின் நான்கு ஓரங்களிலும் உள்ள குழிகளை நான் பயன்படுத்துவதில்லை; அவற்றில் வெறும் பஃபர் நிரப்பிவிடுவேன். ஓரத்தில் ஆவியாதல் அதிகம், சூடும் முன்பின்னாக ஏறும். சித்திரை வெயிலில் ஏசி நின்றுபோன ஒரு நாளில், நடுத்தட்டும் ஓரமும் இரண்டு வேறு சோதனைகளைப் போலத் தெரிந்தன.

செல்களுக்குக் கால்சீன்-ஏஎம் 2 மைக்ரோமோலார் அளவில், 37 டிகிரியில், இருட்டில் அரை மணி நேரம். உயிருள்ள செல்லுக்குள் போனதும் அங்குள்ள நொதி அதை வெட்டி வெளியேற முடியாமல் அடைத்துவிடும், பச்சையாக ஒளிரும். கழுவி, குழிக்கு ஒரு லட்சம் செல் வருமாறு வையுங்கள். கால்சியம், மக்னீசியம் தலா 1 மில்லிமோலார் இப்போதுதான் சேர வேண்டும், முன்னால் அல்ல.

கட்டளை கொடுப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். எதை ஊற்றுகிறீர்கள் என்பதைவிட, அது சங்கிலியில் எங்கே நுழைகிறது என்பது முக்கியம்.

வாசலில் மணி அடிப்பவை இன்டர்லூக்கின்-8உம் எஃப்எம்எல்பியும். இரண்டாவது, பாக்டீரியாப் புரதங்களின் தலைப்பகுதியைப் போன்ற சிறு துண்டு. 100 நானோமோலார் போதும். இவை ஏற்பி வழியாக, ஜிஐ வழியாகப் போகும். வேகமாக ஏறி, வேகமாக இறங்கும். 5 நிமிடத்தில் ஒட்டிய செல் 30 நிமிடத்தில் பிடியை விட்டுவிடலாம். அரை மணி நேரம் வைத்துவிட்டு "எஃப்எம்எல்பி வேலை செய்யவில்லை" என்று சொன்னவர்களை எண்ண என் விரல்கள் போதாது.

டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் நேர்மாறு, ஆற அமர வரும். மி.லி.க்கு 20 நானோகிராம் போட்டு 15 நிமிடத்தில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இந்தப் பொருளில் இன்னொரு விசேஷம் உண்டு. திரவத்தில் மிதக்கும் நியூட்ரோஃபிலுக்கு டிஎன்எஃப் கொடுத்தால் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. திசுப் புரதம் பூசிய பரப்பில் அமர்ந்திருக்கும் அதே செல்லுக்குக் கொடுத்தால் நீண்ட நேரம் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்குகிறது. 1987இல் கார்ல் நேதன் காட்டியது இது. ரசாயனம் ஒட்டவைக்கிறது, ஒட்டியது ரசாயனத்துக்குச் செவி கொடுக்கிறது. உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே என்று செய்தி இரு திசையிலும் ஓடுகிறது.

பிஎம்ஏ வாசலுக்கு வராமல் சுவரேறிக் குதித்து, உள்ளே புரதக் கைனேஸ்-சியை நேராக எழுப்பும். ஏற்பியில் கோளாறா அதற்குக் கீழே கோளாறா என்று பிரிக்க உதவும்.

மாங்கனீஸ் செல்லுக்குள் போக வேண்டியதே இல்லை. 1 மில்லிமோலார் போட்டால் இன்டெக்ரினை வெளியிலிருந்தே விரித்துவிடும். "பிடிக்கும் கை இருக்கிறதா" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் குழி இது. ஃபாஸ்ஃபேட் பஃபரில் போடாதீர்கள், கலங்கிப் படியும். ஹெப்பிஸ் பஃபர் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இரண்டு தடுப்புக் குழிகள். சிடி18ஐ மூடும் டிஎஸ்1/18 போன்ற எதிர்ப்பொருள் ஒன்றில், ஈடிடிஏ மற்றொன்றில். இரண்டிலும் ஒட்டுதல் விழ வேண்டும். விழாவிட்டால் நீங்கள் அளப்பது இன்டெக்ரினை அல்ல, பிசுபிசுப்பை.

தட்டை இன்குபேட்டரில் வைக்கும் முன் ஒரு குழியை நுண்ணோக்கியில் பாருங்கள். தூண்டாத செல் உருண்டையாக, ஓரத்தில் வெள்ளை ஒளிவட்டத்துடன், தாமரை இலைத் தண்ணீர் போல இருக்கும். தட்டை மெல்ல அசைத்தால் நகரும். எஃப்எம்எல்பி போட்ட குழியில் இரண்டு மூன்று நிமிடத்திலேயே அந்த ஒளிவட்டம் மங்கும். செல்லின் ஒரு பக்கம் மடிப்பு மடிப்பாக முன்னே நீளும், மறுபக்கம் வாலாகக் குறுகும். இருண்டு, தட்டையாகி, அசைத்தாலும் அசையாமல் உட்கார்ந்துவிடும். இந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தவருக்கு, பிறகு கருவி தரும் எண் பொய் சொன்னால் உடனே தெரியும்.

கழுவுவது

கழுவும் முன் தட்டை ஒளிர்வுமானியில் ஒருமுறை படியுங்கள், 485 நானோமீட்டரில் தூண்டி 530இல். அது மொத்தம். இதைத் தவறவிட்டால் சதவீதம் கணக்கிட முடியாது.

பிறகு கழுவுங்கள். தட்டைத் தலைகீழாக உதறி, தாளில் தட்டிக் காயவைக்கும் எலிசா பழக்கம் கையில் ஊறியிருந்தால் இன்று அதை மறந்துவிடுங்கள். ஒவ்வொருவர் உதறும் வேகமும் வேறு. திங்கட்கிழமை உதறுவது வேறு, வெள்ளிக்கிழமை உதறுவது வேறு. நான் செய்வது இது. 37 டிகிரியில் சூடாக்கிய பஃபரைக் குழியின் சுவரோரமாக, விளிம்பு வரை, மேலே சற்று மேடு தட்டும்படி நிரப்புகிறேன். காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டுத்தாளால் மூடி, தட்டைக் கவிழ்த்து 15 நிமிடம் விடுகிறேன். ஒட்டாதவை தம் எடையிலேயே கீழே விழும். ஒட்டுத்தாளை மெதுவாக உரித்து, கவிழ்த்த நிலையிலேயே வடித்து, 100 மைக்ரோலிட்டர் பஃபர் ஊற்றி மறுபடி படிக்கிறேன். விசை எல்லாக் குழிக்கும் ஒன்றே. அதில் என் கை இல்லை. குளிர்ந்த பஃபரை மட்டும் ஊற்றாதீர்கள். சில்லென்று பட்டால் ஒட்டியதும் கழன்று வரும்.

இது அசையாத் தட்டு என்பதை மறக்க வேண்டாம். குழாயில் ரத்தம் ஓடுகிறது, இங்கே ஒன்றும் ஓடவில்லை. "உடம்பில் இப்படித்தான் நிற்கிறது" என்று எழுத ஆசை வந்தால், செல்கள் மேல் திரவத்தை ஓடவிடும் ஓட்ட அறை வைத்திருக்கும் நண்பரிடம் போங்கள்.

எண்ணைப் படிப்பது

கழுவிய பின் படித்ததைக் கழுவும் முன் படித்ததால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒட்டிய சதவீதம். செல் இல்லாத குழியின் ஒளிர்வை இரண்டிலும் கழித்துவிடுங்கள். என் கையில் தூண்டாத குழி 10 சதவீதத்துக்குள் இருந்தால்தான் மீதியைப் பார்ப்பேன். அதற்கு மேல் போனால், தூண்டிய குழி எவ்வளவு அழகாக இருந்தாலும் தட்டு குப்பைக்கு.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு, செல்லின் மேலுள்ள புரதங்களை ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் சிடி18 எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் போதாதா என்று ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். பல நேரம் போதும். பிறந்த குழந்தைக்கு வாரக்கணக்கில் கொப்பூழ்க்கொடி விழாமல் இருந்து, அங்கே தொற்று வந்து, ரத்தத்தில் வெள்ளணு மலைபோல் இருந்தும் புண்ணில் சீழே வைக்காவிட்டால், முதலில் சிடி18ஐத்தான் தேட வேண்டும். அது இல்லையென்றால் வெள்ளணு ஒட்டுதல் குறைபாட்டின் முதல் வகை. ஆனால் மூன்றாம் வகையில் சிடி18 போதுமான அளவு இருக்கும், சைட்டோமீட்டர் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லும். கெட்டிருப்பது கிண்ட்லின்-3. கை இருக்கிறது, கட்டளை கையை எட்டவில்லை. கூடவே ரத்தக்கசிவும் இருக்கும், ஏனென்றால் தட்டணுக்களின் இன்டெக்ரினுக்கும் அதே கிண்ட்லின் வேண்டும். அப்படிப்பட்ட செல்லைத் தட்டில் வைத்தால் எஃப்எம்எல்பிக்கு அசையாது, பிஎம்ஏவுக்கும் அசையாது, மாங்கனீசுக்கு ஓரளவு ஒட்டும். இந்த மூன்று குழிகளும் சேர்ந்து, சங்கிலி எங்கே அறுந்தது என்று காட்டிவிடுகின்றன.

இரண்டாம் வகையை இந்தத் தட்டு காட்டாது. அதில் இன்டெக்ரின் நலமாக இருக்கிறது. செலக்டின் பிடிக்க வேண்டிய சர்க்கரையில் ஃபியூகோஸ் இல்லை, அதனால் செல் உருள்வதே இல்லை. அதே ஃபியூகோஸ் இல்லாததால் அந்தக் குழந்தைகளின் ரத்த வகை பாம்பே வகையாகத் தெரியும். 1952இல் ஒய். எம். பெண்டேயும் உடனிருந்தோரும் பம்பாயில் கண்டறிந்த அரிய வகை அது. பெரும்பாலான பாம்பே வகைக்காரர்களுக்கு இந்த நோய் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்துவிடக் கூடாது.

வேலை முடிந்ததும் தட்டை ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைத்துவிட்டுக் கிளம்புங்கள். அது மனித ரத்தம்.

அந்தப் பெண் போன செவ்வாய்க்கிழமை மறுபடி செய்தாள். பாதித் தட்டு இருட்டாக இருந்தது. தூண்டாத குழிகள் அடங்கிக் கிடந்தன, எஃப்எம்எல்பி குழிகள் ஒளிர்ந்தன, எதிர்ப்பொருள் போட்டவை மங்கின. டிஎன்எஃப் வரிசை மட்டும் தூண்டாததைப் போலவே இருந்தது. எத்தனை நிமிடம் வைத்தாய் என்று கேட்டேன். எல்லாவற்றையும் சேர்த்து 10 நிமிடத்தில் கழுவியிருக்கிறாள். வியாழக்கிழமை அந்த ஒரு வரிசையை மட்டும் 40 நிமிடம் வைத்துப் பார்க்கப் போகிறாள்.